கூடாரமும் மாற்றல் உத்தரவும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே, இந்தக் கோடையில் குடும்பத்தோடு தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைப் பக்கம் கூடாரத்தில் தங்கியதையும், ஊர் திரும்புவதற்குள் வங்கியில் வேலை பார்க்கும் என் கணவருக்குப் பதவி உயர்வும் நாக்பூர் மாற்றலும் வந்ததையும் எழுதியிருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியே. சிலர் கூடாரத்தைப் பற்றிக் கேட்கிறார்கள், சிலர் மாற்றலைப் பற்றி. எங்கள் வீட்டில் இரண்டும் பின்னிப் பிணைந்தே நடந்ததால், பிரிக்காமல் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

எழுபதை நெருங்கும் மாமியாரை வைத்துக்கொண்டு கூடாரத்தில் எப்படித் தங்கினீர்கள்? எங்கள் வீட்டிலும் அத்தையை விட்டுவிட்டுப் போக மனமில்லை; அழைத்துப் போகவும் பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, திண்டுக்கல்

அழைத்துப் போங்கள். ஆனால் கூடாரத்துக்குள் படுக்க வைக்காதீர்கள். வயதானவர்களுக்குக் குளிரைவிடப் பெரிய தொல்லை, தரையில் உட்கார்ந்து எழுவது. கூடாரத்தின் வாசல் இடுப்பளவுதான் இருக்கும். குனிந்து, முழங்காலை ஊன்றி, கையைத் தரையில் பதித்துத்தான் வெளியே வர முடியும். மூட்டுவலி உள்ளவர் இரவில் கழிப்பறைக்கு எழ வேண்டியிருக்கும் என்று அஞ்சி மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார். அதை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார். கேட்டால் "எனக்குத் தாகமில்லை" என்பார்.

அதனால் கொழுக்குமலைக்கு ஜீப் புறப்படும் சூரியநெல்லியில் இடம் பேசும்போது நான் முதலில் விசாரித்தது அறையைத்தான். கட்டில் உண்டா, கழிப்பறை அறைக்குள்ளேயே இருக்கிறதா, உட்காரும் வசதியுள்ளதா, அறைக்கும் கூடாரத்துக்கும் நடுவே எத்தனை படிகள் என்று கேட்டேன். கூடாரத்தின் நிறம், கண்ணுக்குத் தெரியும் மலைக்காட்சி எல்லாம் அதற்குப் பிறகு. அத்தை இரவு எட்டரை மணி வரை எங்களோடு தீ மூட்டிய இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அறைக்குப் போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டார். நாங்கள் கூடாரத்தில் படுத்தோம். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

மறுநாள் விடியலில் உச்சிக்குப் போகும் ஜீப் பயணத்தில் மட்டும் அவரைச் சேர்க்கவில்லை. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் சாதாரணக் கார் போகாது. உள்ளூர் ஜீப்தான். பாதை முழுக்கக் கற்பாறை. மேலே போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதுகுவலி உள்ளவர், கர்ப்பிணி, சமீபத்தில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் யாரும் அதில் ஏறக் கூடாது என்பது என் திட்டமான கருத்து.

நாங்கள் திரும்பி வந்தபோது அத்தை தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்களோடு பேசிக்கொண்டிருந்தார். மூணாறு, சூரியநெல்லித் தோட்டங்களில் உழைப்பவர்களில் பெரும்பகுதியினர் தலைமுறைகளுக்கு முன்பு தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். அதனால் மொழிச் சிக்கல் இல்லை. ஒரு அம்மாள், பனியில் நனைந்த செடிகளுக்கு நடுவே நடக்கும்போது புடவை ஈரமாகாமல் இருக்க இடுப்பைச் சுற்றித் தார்ப்பாயை எப்படிக் கட்டுவது என்று அவிழ்த்துக் காட்டி, மறுபடி கட்டினாராம். கொழுக்குமலையில் எங்கள் கண்ணில் பட்ட எதையும்விட அத்தை அன்று பார்த்தது நெருக்கமானது. குடும்பத்தோடு போகும்போது எல்லோரும் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயம் வேண்டாம்.

கூடாரத்தில் தங்க என்னென்ன கொண்டுபோக வேண்டும்? மே மாதத்திலும் குளிருமா?
– ஒரு வாசகர், சேலம்

குளிரும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறு டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. கொழுக்குமலை கடல் மட்டத்திலிருந்து ஏழாயிரம் அடிக்கும் மேல். தேனியில் மின்விசிறியின் கீழும் வியர்த்த நாங்கள், விடியற்காலையில் குல்லாயும் ஸ்வெட்டருமாக நின்றோம்.

போர்வையைப் பலரும் நிறையக் கொண்டுபோகிறார்கள். ஆனால் கூடாரத்தில் குளிர் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்துதான் அதிகம் ஏறும். மண் நம் உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் அடியில் விரிப்பதற்கு முதலிடம் கொடுங்கள். அங்கே கொடுத்த ஃபோம் மெத்தையின் கீழ், வீட்டிலிருந்து கொண்டுபோன கோரைப்பாய்களை விரித்தோம். நல்ல வித்தியாசம் தெரிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காலையில் என் மகன் கண்விழித்ததும் "அம்மா, மழை உள்ளே வந்துவிட்டது" என்று எழுப்பினான். கூடாரத்தின் உட்பக்கச் சுவரில் துளித்துளியாக நீர். விரல் வைத்தால் கோடாக வழிந்தது. வெளியே மழையே இல்லை. நான்கு பேர் இரவெல்லாம் விட்ட மூச்சின் ஈரம் குளிர்ந்த துணியில் படிந்து நீராகியிருந்தது. குளிருக்குப் பயந்து காற்று வழியை எல்லாம் மூடிவிட்டால் இப்படித்தான் ஆகும். மேலே இருக்கும் வலைச் சன்னலைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள். துணிப்பையையும் காலணியையும் சுவரில் ஒட்டாமல் நடுவில் வையுங்கள்.

சமையல் நீங்களே செய்வதாக இருந்தால் சிறிய குக்கர் அவசியம். ஏறக்குறைய ஆயிரம் அடிக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில், உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். பாத்திரம் தளதளவென்று கொதிக்கும். பருப்பு மட்டும் வேகாது. குக்கர் இல்லையென்றால் அவல், சேமியா, ரவை என்று சட்டென்று வேகும் பொருளாகக் கொண்டுபோங்கள்.

தலையில் மாட்டிக்கொள்ளும் விளக்கு ஆளுக்கொன்று இருக்கட்டும். கைபேசி வெளிச்சத்தை நம்பினால், கை ஒன்று எப்போதும் அதற்கே போய்விடும்.

இந்த ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கரி அடுப்பையோ, தணல் உள்ள சட்டியையோ கூடாரத்துக்குள்ளும் அறைக்குள்ளும் கொண்டுபோகாதீர்கள். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். குளிருக்காக அறைக்குள் தணல் வைத்துக்கொண்டு படுத்தவர்கள் இறந்த செய்தி நம் மலையூர்களிலிருந்து வந்திருக்கிறது.

குரங்கணி தீ விபத்தை மறக்க முடியவில்லை. அதே மலைக்குக் குழந்தைகளோடு போக உங்களுக்கு எப்படி மனம் வந்தது?
– ஒரு வாசகி, ஈரோடு

நியாயமான கேள்வி. 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிய மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். பலர் இளம்பெண்கள். உச்சியில் நின்று கீழே குரங்கணிப் பக்கம் பார்த்தபோது என் மகளிடம் அதைச் சொன்னேன். குழந்தைகளிடம் மறைக்க வேண்டிய விஷயம் அல்ல அது. காய்ந்த புல்லில் தீ மனிதரின் ஓட்டத்தைவிட வேகமாக மேலேறும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த விபத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரிலிருந்து வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகளை வழிகாட்டிகளோடு நடத்துகிறது. காட்டுத்தீ காலத்தில் அவற்றை மூடிவிடுகிறார்கள். நாங்கள் மலைப்பாதையில் நடக்கவில்லை. ஜீப்பில் போய், ஜீப்பிலேயே இறங்கினோம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை உலர்ந்த காட்டுக்குள் தனிப்பட்ட ஆட்கள் அழைத்துப் போகும் நடைப்பயணங்களில் சேராதீர்கள், கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும். அனுமதிச் சீட்டை முகம் சுளிக்காமல் காட்டுகிறவரோடு மட்டும் போங்கள்.

அண்ணன் தம்பி குடும்பங்கள் சேர்ந்து சுற்றுலா போனால் திரும்பி வரும்போது பணத் தகராறோடுதான் வருகிறோம். என்ன செய்வது?
– ஒரு வாசகர், விருதுநகர்

உங்கள் ஊர்ப்பக்கத்துக் கோயில்களிலேயே இதற்கு வழி இருக்கிறது. தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று முன்பே வசூலிப்பது.

சாத்தூர்ப் பக்கம் கண்மாய்க் கரையில் இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலுக்கு இந்தக் கோடையின் தொடக்கத்தில் பங்காளிகள் எல்லோரும் பொங்கல் வைக்கப் போனோம். என் கணவரின் பெரியப்பா மகன்தான் கணக்கு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று சித்திரை பிறக்கும் முன்பே வசூலித்து, நோட்டில் எழுதி, கிடா, பூசாரி, பந்தல், சமையல், வேன் எல்லாவற்றையும் அதிலிருந்தே கொடுத்தார். சாப்பிட்டு முடித்து இலை எடுத்ததும் ஆலமரத்தடியில் வரவு செலவை உரக்கப் படித்தார். மிச்சப் பணம் அடுத்த ஆண்டுக்கு. யார் முகமும் வாடவில்லை. வசதி குறைந்த ஒரு வீட்டாரின் வரியை மூத்தவர் ஒருவர் முன்பே கட்டியிருந்தார். அது நோட்டைப் பார்த்தவருக்கு மட்டும் தெரியும். வெளியே ஒரு சொல் வரவில்லை.

சுற்றுலாவுக்கும் இதையே செய்யுங்கள். பயணத்துக்கு முன்பே ஒரே தொகை, ஒரே கை, ஒரே நோட்டு. வேன் வாடகை, ஓட்டுநர் படி, சுங்கம், பார்க்கிங், டீ எல்லாம் அந்தப் பணத்திலிருந்தே போகட்டும். சண்டை வருவது பெரிய செலவில் அல்ல. "டீக்கு நான்தானே கொடுத்தேன்" என்பதில்தான் வருகிறது. வரி என்ற பெயரில் முன்கூட்டியே கொடுத்த பணத்தை யாரும் மனதில் வைத்துக்கொண்டு அலைவதில்லை. சாமி காரியத்தில் இவ்வளவு நேர்த்தியாக நடந்துகொள்ளத் தெரிந்த நாம், கொடைக்கானலுக்குப் போகும்போது அதை ஏன் மறந்துவிடுகிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஊட்டி ரயிலில் போக ஆசை. டிக்கெட் கிடைப்பதே இல்லை. காரில் போனால் இ-பாஸ் என்கிறார்கள்.
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் ரயிலுக்குத்தான் அடிதடி. ஊட்டியிலிருந்து இறங்கும் ரயிலுக்கு முயன்று பாருங்கள். ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம். இறங்க மூன்றரை மணி நேரம். சிறு குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இறங்கும் பயணமே சுகம். அதே 46 கிலோமீட்டர், அதே குகைகள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளத்தின் நடுவில் பற்சட்டம் இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ரயில் நிற்கும் இடத்தில் இறங்கிப் பார்த்தால் எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்வியிருப்பது தெரியும். முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 120 நாளுக்குப் பதிலாக 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. பழைய கணக்கில் இருக்காதீர்கள்.

இ-பாஸ் முறை சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வந்தது. 2025 கோடையில் எண்ணிக்கை வரம்பும் வைத்தார்கள்: ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசு பஸ்ஸில் போகிறவருக்கு இந்தக் கவலை இல்லை. மேட்டுப்பாளையத்தில் காரை நிறுத்திவிட்டு பஸ்ஸில் ஏறுவது மலைக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

மலைப்பாதையில் மகள் வாந்தி எடுக்கிறாள். அதனாலேயே எங்கும் போவதில்லை.
– ஒரு வாசகி, கரூர்

என் மகளுக்கும் அப்படியே. போடியிலிருந்து போடிமெட்டு ஏறும் கொண்டை ஊசி வளைவுகள் எங்களுக்குப் பெரிய சோதனை. பின் இருக்கையில் கைபேசி பார்க்கவோ புத்தகம் படிக்கவோ விடாதீர்கள். உள்காது உடம்பு ஆடுகிறது என்கிறது. கண் ஆடவில்லை என்கிறது. அந்த முரண்பாட்டில்தான் குமட்டல். தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. இரண்டு இட்லி போதும். மாத்திரை வேண்டுமென்றால் மருத்துவரைக் கேட்டு, புறப்படுவதற்கு முன்பே கொடுங்கள். குமட்டல் தொடங்கிய பிறகு கொடுத்தால் பெரிதாகப் பயனில்லை.

மே மாதத்தில் குற்றாலம் போகலாமா?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

சீசன் ஜூனில்தான். என் அம்மா வீடு தென்காசி என்பதால் ஆண்டுதோறும் பார்க்கிறேன்; மே மாதத்தில் ஐந்தருவி பெரும்பாலும் பாறையாகத்தான் நிற்கும். ஆனால் கோடை மழை பெய்தால் நிலைமை நொடியில் மாறும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் ஒரு பள்ளி மாணவர் உயிரிழந்தார். அருவிக்கரையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே காட்டில் மழை பெய்திருக்கலாம். தண்ணீரின் நிறம் கலங்கினாலோ, சருகும் குச்சியும் அடித்து வந்தாலோ, காவலர் விசில் ஊதும்வரை காத்திருக்காமல் வெளியே வந்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு அருவியில் விடுங்கள்.

என் கணவருக்கு வெளிமாநிலத்துக்கு மாற்றல். நான் தனியார் கல்லூரியில் விரிவுரையாளர். நான்கு ஆண்டு முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. "உன் சம்பளம் இல்லாமல் குடும்பம் ஓடாதா, விட்டுவிட்டு வா" என்கிறார்கள் வீட்டில். நீங்கள் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு நாக்பூர் போகிறீர்களா?
– ஒரு வாசகி, கோவை

இல்லை. போகவில்லை. நான் மதுரையிலேயே இருக்கிறேன்.

எங்களுக்குச் செய்தி வந்த விதத்தைச் சொல்கிறேன். கூடாரம் இருந்த சரிவில் கைபேசிக்கு அலைவரிசையே இல்லை. மலையிறங்கும் வழியில் பூப்பாறையில் டீக்கடையில் நின்றபோதுதான் அவருடைய கைபேசி விடாமல் அதிர்ந்தது. பதவி உயர்வுப் பட்டியல். வாழ்த்துச் செய்திகளுக்கு நடுவே பணியிடமும் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முதலில் கையைக் குலுக்கினேன். பல ஆண்டுகள் இரவில் புத்தகத்தை விரித்து வைத்துப் படித்தவர் அவர். அந்த உழைப்புக்கு வந்த மரியாதையை மாற்றலின் கவலையால் மூட எனக்கு மனமில்லை.

அதன் பிறகு நாங்கள் செய்த ஒரே நல்ல காரியம், மூன்று நாள் யாருக்கும் சொல்லாமல் இருந்தது. உறவினருக்குச் சொன்ன மறுநிமிடம் அது அவர்கள் முடிவாகிவிடும். பெரியவர்கள் அன்போடுதான் சொல்வார்கள். ஆனால் கிட்டத்தட்ட எல்லோரும் "அவள் வேலையை விட்டுவிடட்டும்" என்றே தொடங்குவார்கள். நாங்கள் முதலில் பேசியது பிள்ளைகளிடம். மகள் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். அவளைப் பாடத்திட்டம் மாற்றி இழுத்துக்கொண்டு போவதில்லை என்பதில் எங்கள் இருவருக்கும் வேறு எண்ணமே இல்லை. நான் இருப்பது அரசு உதவி பெறும் பள்ளி. அந்தப் பணியிடம் அந்த நிர்வாகத்துக்கு உரியது. அரசுப் பள்ளி ஆசிரியரைப் போல வேறிடம் கேட்டு வாங்க வழியில்லை. விட்டால் விட்டதுதான்.

கூடாரப் பயணத்துக்கு அத்தையின் முழங்காலிலிருந்து திட்டம் போட்டோம் என்று மேலே எழுதினேன். வேலை விஷயத்திலும் அதே முறைதான். யாருடைய இழப்பு பேச்சிலேயே வராமல் போகிறதோ, அவரிடமிருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது மனைவியின் வேலை. அதைக் "கூடுதல் வருமானம்" என்று சொல்லிச் சொல்லியே ஒன்றுமில்லாததாக ஆக்கிவிடுகிறார்கள். உங்கள் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் மாணவர்களுக்கு நீங்கள் கூடுதல் அல்ல.

இனி உங்கள் கணக்கு. கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை பெறப் பொதுவாக ஒரே நிறுவனத்தில் ஐந்து ஆண்டு தொடர் பணி வேண்டும். ஆசிரியர்களுக்கும் அது உண்டு. நீங்கள் அதற்கு மிக அருகில் இருக்கிறீர்கள். எப்படியும் விலகுவது என்று முடிவெடுத்தாலும் அந்த மாதங்களைக் கடந்துவிட்டு விலகுங்கள். முதலில் சம்பளமில்லா விடுப்பு தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். வருங்கால வைப்பு நிதியை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். ஐந்து ஆண்டு முடியும் முன்பு எடுத்தால் வரி வரும். அடுத்த வேலைக்கு அதை மாற்றிக்கொண்டால், ஓய்வூதியத்துக்கு வேண்டிய பத்து ஆண்டுக் கணக்கிலும் இந்த நான்கு ஆண்டுகள் சேரும். போகும் ஊரில் உங்களுக்கு வேலை கிடைத்த பிறகு இங்கே விலகுவதுதான் வரிசை. வரிசையை மாற்றச் சொல்கிறவரிடம், அவர் யாராக இருந்தாலும், மெதுவாக மறுத்துவிடுங்கள்.

கணவன் மனைவியை ஒரே ஊரில் வைக்க வேண்டும் என்று அரசு உத்தரவு இருக்கிறதே, அதைக் காட்டி மாற்றலை ரத்து செய்ய முடியாதா? இல்லையென்றால் பதவி உயர்வை மறுத்திருக்கலாமே!
– ஒரு வாசகர், திருவண்ணாமலை

மத்திய அரசின் பணியாளர் துறை 2009இல் விரிவான வழிகாட்டுதல் வெளியிட்டது உண்மை. இருவரும் மத்திய அரசுப் பணியாளர்களாக இருந்தால், கூடுமானவரை ஒரே ஊரில் வையுங்கள் என்பது அதன் சாரம். ஆனால் அது வேண்டுகோளுக்கு வலுச் சேர்க்கும். உரிமையாகக் கேட்க முடியாது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, இதே போலப் பதவி உயர்வு பெற்று வெளியூரில் பணியமர்த்தப்பட்ட ஒரு வங்கி அதிகாரியின் வழக்கில், நாடெங்கும் மாற்றலுக்கு உட்பட்ட வேலையைத் தேர்ந்தெடுக்கும் தம்பதி இந்தச் சிரமத்துக்கும் தயாராக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விண்ணப்பம் கொடுக்கலாம். நாங்களும் கொடுத்திருக்கிறோம், மகளின் பத்தாம் வகுப்பைக் காரணம் காட்டி. பதில் எப்போது வரும் என்று காத்துக்கொண்டு வாழ்க்கையை நிறுத்தி வைக்கவில்லை.

மறுப்பதைப் பற்றியும் பேசினோம். மறுக்க வேண்டாம் என்று சொன்னவள் நான்தான். மறுத்தால் அடுத்த வாய்ப்புக்குக் காத்திருக்க வேண்டும். அந்த ஆண்டுகளில் தன்னைவிட இளையவரின் கீழ் வேலை செய்ய நேரும். அந்தக் கசப்பு மாலையில் வீட்டுக்குத்தான் வரும். பிரிந்திருப்பது கடினம். கண்ணுக்கு முன்னால் மனம் சுருங்கிய ஒருவரோடு இருப்பது அதைவிடக் கடினம் என்று நான் நினைத்தேன். அவரும் ஒப்புக்கொண்டார்.

இரட்டைக் குடித்தனத்தின் செலவு பயப்படும் அளவுக்கு இல்லை. வங்கி அதிகாரிகளுக்கு, வங்கியே வாடகை கொடுக்கும் லீஸ் வீடு உண்டு. அவருக்குச் சமைக்கத் தெரியும். சாம்பார்ப் பொடியும் ரசப்பொடியும் அரைத்து, பொட்டலத்தில் அளவோடு எழுதி அனுப்பியிருக்கிறேன். உண்மையான செலவு ரயிலுக்குத்தான். அதற்கென்று தனிக் கணக்கு தொடங்கி மாதாமாதம் போடுகிறோம். இரவு எட்டு மணிக்கு மகனின் கணக்குப் பாடம் அவர் பொறுப்பு. காணொலி அழைப்பில் நோட்டைக் காட்டி, அவர் அங்கிருந்தே திருத்துகிறார். "சாப்பிட்டாயா, தூங்கினாயா" என்ற விசாரிப்புகளைவிடச் சேர்ந்து செய்ய ஒரு வேலை இருப்பது தகப்பனையும் பிள்ளையையும் நெருக்கமாக வைத்திருக்கிறது.

சுற்றுலாச் செலவுக்கு வரிச் சலுகை உண்டா?
– ஒரு வாசகர், ஓசூர்

எல்.டி.ஏ. என்ற விடுப்புப் பயணப் படி உங்கள் சம்பளத்தில் ஒரு பகுதியாக இருந்து, நீங்கள் பழைய வரி முறையில் இருந்தால் மட்டும். இந்தியாவுக்குள் போய்வந்த பயணக் கட்டணத்துக்கு மட்டுமே சலுகை. விடுதி, சாப்பாடு, ஜீப் வாடகை சேராது. நான்கு ஆண்டுத் தொகுப்பில் இரண்டு பயணங்கள். 2022–25 தொகுப்பு முடிந்துவிட்டது. இப்போது நடப்பது 2026–29. புதிய வரி முறையில் இது கிடையாது.

அடுத்த விடுமுறைக்கு நாக்பூர்தானே? எங்கள் மகனும் அங்கே வேலைக்குப் போயிருக்கிறான். எப்போது போகலாம், எப்படிப் போகலாம்?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

மே மாதத்தில் போகவே போகாதீர்கள். வெயில் 45 டிகிரியைத் தொடும் ஊர். அரையாண்டுத் தேர்வு விடுமுறையில், டிசம்பர் கடைசியில் நாங்கள் போவதாக இருக்கிறோம். இரவில் நன்றாகக் குளிரும், ஆரஞ்சுப் பழமும் கிடைக்கும். அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று பல லட்சம் மக்களோடு பௌத்தம் தழுவிய தீக்ஷாபூமிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். மகன் பெஞ்ச் புலிகள் காப்பகத்தைப் பார்க்க வேண்டும் என்கிறான். அத்தையும் வருகிறார்.

கன்னியாகுமரியிலிருந்து டெல்லி நிஜாமுதீன் போகும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் உங்கள் ஊர் வழியாகவும் மதுரை வழியாகவும் நாக்பூர் போகிறது. வாரத்தில் இரண்டு நாள்தான் என்பதால் கிழமையைப் பார்த்து விடுப்பைக் கணக்கிடுங்கள். டிசம்பர் கடைசி வாரத்துக்கு அக்டோபர் கடைசியில் முன்பதிவு திறக்கும். காலை எட்டு மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள். பெரியவர்களுக்குக் கீழ்ப் படுக்கை கேட்கும் கட்டத்தை மறக்காமல் நிரப்புங்கள். மகனுக்கு எள்ளுப்பொடியும் நல்லெண்ணெயும் எடுத்துப் போங்கள். அந்த இரண்டும் அங்கே நம் ருசியில் கிடைக்கவில்லை என்று என் கணவர் போன வாரம்தான் சொன்னார்.